தாய்லாந்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான்

இந்தப் பக்கம் வந்துருங்க சார். வடமதுரை தாண்டினா அந்தப் பக்கம் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். பையை மேல போட வேண்டாம், காலுக்குக் கீழயே வச்சுக்குங்க. கையில என்ன, காலேஜ் புத்தகமா? கொடுங்க பார்ப்போம். அட, வெளிநாட்டுப் படிப்பு. பையன் பிளஸ் டூவா? எந்த நாடுன்னு முடிவு பண்ணியாச்சா?

இன்னும் இல்லையா. அப்ப நீங்க சரியான சீட்டுலதான் வந்து உட்கார்ந்திருக்கீங்க. எங்க இறங்கணும்? மணப்பாறையா? போதும். ஒரு மணி நேரம் இருக்கு, சொல்லி முடிச்சுருவேன்.

என் பேரு குருநாதன். நில அளவைத் துறையில சர்வேயர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். திண்டுக்கல் தாலுகாவுல நான் சங்கிலி போட்டு அளக்காத வரப்பு இல்லைன்னு வச்சுக்குங்க. அதனால எனக்கு ஒரு பழக்கம், அளக்காம எதையும் முடிவு பண்ண மாட்டேன். ஏஜென்ட்டுகிட்டப் போனீங்கன்னா அவங்க கையில எந்த நாடு இருக்கோ அதுதான் நல்ல நாடும்பாங்க. என் கையில எந்த நாடும் இல்லை. நான் சொல்றது சுத்தமா இருக்கும்.

எனக்கு ஒரே பொண்ணு, சாருமதி. அவ பிளஸ் ஒன் போனப்பவே வெளிநாட்டுல படிக்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என்ன படிக்கிறதுங்கறதையும் முடிவு பண்ணிட்டேன். ஃபுட் டெக்னாலஜி. ஏன்னா மனுஷன் எந்தக் காலத்துலயும் சாப்பிடாம இருக்கப் போறதில்லை. பொண்ணுகிட்டக் கேட்டீங்களான்னு கேட்பீங்க. கேட்டேன். ‘பார்க்கலாம்ப்பா’ன்னா. பார்க்கலாம்னா சரின்னுதானே சார் அர்த்தம்?

வீட்டுல தவமணி. தனியார் நர்சிங் காலேஜ்ல டியூட்டர். பதினெட்டு வருஷமா அதே வேலை. அவகிட்டப் படிச்ச புள்ளைங்க மேல்படிப்பு முடிச்சு அதே காலேஜுக்கு அவளுக்கே மேலதிகாரியா வந்துருச்சுங்க. இவ மேல படிக்கலை. ஏன் படிக்கலைன்னு எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. அமைதியானவ. எங்கம்மா கடைசி நாலு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. வீட்டுலயே வச்சுப் பார்த்தோம். ஒரு கஷ்டமும் தெரியலை சார், சத்தியமா. அப்படி ஓடிப்போச்சு.

சரி, நாட்டுக்கு வருவோம். முதல்ல உலக உருண்டையை எடுத்து வச்சேன். நூல்கண்டை எடுத்தேன். திண்டுக்கல்லுல ஒரு முனை, வெளிநாட்டுல ஒரு முனை. நான் இந்தப் பக்கம் பிடிச்சா, அந்தப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்ல, தவமணி பிடிச்சா. கனடாவுக்கு நூல் உருண்டையைச் சுத்திக்கிட்டே போகுது. ஆஸ்திரேலியாவும் தூரம். நான் ஒரு விதி வச்சிருந்தேன். புள்ளைக்குக் காலையில காய்ச்சல்னு போன் வந்தா, மறுநாள் விடியறதுக்குள்ள நான் கட்டில் பக்கத்துல நிக்கணும். அந்த விதிப்படி பார்த்தா மிஞ்சினது இந்தத் தென்கிழக்கு ஆசியாதான். அங்க பத்துப் பதினோரு நாடு. பெரிய தாளா எடுத்து அட்டவணை போட்டேன். தூரம், நேர வித்தியாசம், சோறு, மழை, நிலநடுக்கம், காம்பவுண்ட் சுவர்னு பத்தொன்பது கட்டம்.

சிங்கப்பூரை முதல்லயே அடிச்சுட்டேன். நல்ல நாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனா அங்க என் சகலை இருக்கார். தவமணி அக்கா வீட்டுக்காரர். புள்ளை அங்க போனா ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுல சாப்பிடும். அதை அவர் எனக்குச் சாகற வரைக்கும் சொல்லிக்காட்டுவார். அட்டவணையில ‘இட நெருக்கடி’ன்னு எழுதினேன்.

இந்தோனேசியாவுல எரிமலை, பூமி வேற ஆடுது. எல்லைக்கல் நட்டா நட்ட இடத்துல இருக்கணும் சார். அது இல்லாத ஊருக்கு ஒரு சர்வேயர் எப்படிப் பொண்ணை அனுப்புவான்? பிலிப்பைன்ஸ் ஏழாயிரம் தீவு. புள்ளை எந்தத் தீவுல நிக்குதுன்னு நான் எங்க போய்த் தேடுவேன். வியட்நாம் படத்தைப் பார்த்தீங்களா? நீளமா, இடுப்பு ஒடுங்கி, நாலு அண்ணன் தம்பி பாகம் பிரிச்சதுல கடைசித் தம்பிக்கு விழுந்த நிலம் மாதிரி இருக்கும். எனக்கு அந்த வடிவமே பிடிக்கலை. லாவோஸுக்குக் கடலே இல்லை. கடல் எதுக்குன்னு தவமணி கேட்டா. இல்லைங்கறது ஒரு குறைதானேன்னு சொன்னேன்.

மலேசியாதான் என் மனசுல இருந்துச்சு. முருகன் இருக்கார், இட்லி இருக்கு, நம்ம பாஷை இருக்கு. தாய்லாந்தை நான் எடுத்துக்கவே இல்லை. ஆபீஸ்ல ஒருநாள் தாய்லாந்துன்னு வாயைத் திறந்தேன், ரெக்கார்ட் ரூம்ல இருந்த அத்தனை பேரும் ஒரு மாதிரி சிரிச்சானுங்க. அவனுங்களுக்கு அந்த நாட்டைப் பத்தித் தெரிஞ்சதே அவ்வளவுதான். பொண்ணைப் பெத்தவன் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியுமா? அடிச்சுட்டேன்.

அப்ப தவமணி அடுப்படியில இருந்து ஒண்ணு சொன்னா. அங்க நர்சிங் படிப்பு ரொம்ப நல்லா இருக்காம், இங்கிலீஷ்லயே சொல்லித் தர்றாங்களாம்னு. நர்சிங் யாருக்கும்மா வேணும், புள்ளை படிக்கப்போறது ஃபுட் டெக்னாலஜின்னேன். அதுவும் சரிதான்னு போயிட்டா. பாருங்க, எவ்வளவு விலகி யோசிக்கிறா.

மதுரையில ஒரு ஹோட்டல்ல கல்விக் கண்காட்சி போட்டாங்க. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மேஜை. மூணு பேரும் போனோம். நான் அட்டவணையை அட்டையில கிளிப் போட்டுக் கையில எடுத்துக்கிட்டுப் போனேன். ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் எத்தனை மீட்டர், சுவர் எத்தனை அடி, மழைத் தண்ணி எந்தப் பக்கம் வடியும். கேட்டா அந்த மேஜைக்காரங்க முழிக்கிறாங்க. இருபது வருஷமா அங்க காலேஜ் நடத்தறான், தண்ணி எந்தப் பக்கம் வடியும்னு தெரியலை. சாரு ஒரு நாற்காலியைப் பிடிச்சு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கிட்டு இருந்தா. தவமணிதான் என் கூட வந்தா. வந்தவ சும்மா இருக்கணுமில்லை? வயசு வரம்பு இருக்கா, வேலை பார்த்த வருஷத்தைக் கணக்குல எடுப்பீங்களான்னு கேட்கிறா. பதினேழு வயசுப் புள்ளை எந்த வேலையைப் பார்த்துச்சு? அவங்க முன்னாடி சொன்னா நல்லா இருக்காதுன்னு, தனியாக் கூப்பிட்டு, புள்ளைக்கு வேண்டியதைக் கேளும்மான்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுத் தாய்லாந்து மேஜையில போய் உட்கார்ந்துட்டா. அங்க ஒரு அம்மா இருந்தாங்க, நம்ம பக்கத்து அம்மாதான், அந்த ஊர்ல வேலை பார்க்கிறவங்களாம். ரெண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினாங்க. ஏதோ சமையல் விஷயம் போலன்னு நான் விட்டுட்டேன்.

அப்புறம் அந்த இங்கிலீஷ் பரீட்சை. வெளிநாடு போகணும்னா எழுதியாகணும். சாருவுக்குப் பயம். தவமணி சொன்னா, புள்ளை தனியா எழுதப் பயப்படுறா, நானும் கூட உட்கார்ந்து எழுதறேனேன்னு. எந்தத் தாய் சார் இப்படிச் செய்வா? எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பதிவு பண்ணிக் கொடுத்தேன். மூணு மாசம் காலையில எழுந்து காதுல மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. நான் எழுந்திரிக்கிறப்ப காபி மூடி வச்சிருக்கும், இவ யாரோ வெள்ளைக்காரன் பேசறதைக் கேட்டு எழுதிக்கிட்டு இருப்பா. சாரு தூங்கிக்கிட்டு இருப்பா. முடிவு வந்துச்சு. ஒன்பதுக்குச் சாரு ஆறு. இவ ஏழரை. எனக்குச் சிரிப்பு. துணைக்குப் போனவ அதிகமா வாங்கிட்டா பாருங்கன்னு ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரிச்சேன். சாருவைத்தான் தேத்த வேண்டியிருந்துச்சு, ஆனா அவ ஒண்ணும் வருத்தப்பட்ட மாதிரித் தெரியலை.

தாய்லாந்து எப்படி ஜெயிச்சுதுன்னு கேளுங்க, அதுதான் முக்கியம். ஒருநாள் தவமணி தானாவே நூலை எடுத்துக்கிட்டு வந்தா. எதுக்கும் ஒரு தடவை மறுபடி அளந்துருவோம்னா. அளந்தோம். கோலாலம்பூருக்கு வச்ச நூலை அப்படியே சியாங் மாய்க்குத் திருப்பினா, அது தாய்லாந்துல வடக்க இருக்கற ஊர், நூல் மிச்சம் விழுது சார். மலேசியாவை விடத் தாய்லாந்து கிட்டக்க. நானும் நம்பலை. மூணு தடவை அளந்தேன். மிச்சம்தான். அப்புறம் நேர வித்தியாசம். மலேசியா ரெண்டரை மணி, தாய்லாந்து ஒன்றரை மணிதான். சோறு ரெண்டு ஊர்லயும் உண்டு. முருகன் இல்லையேன்னேன். பிள்ளையார் இருக்காருன்னு போன்ல போட்டோ காட்டினா. எல்லாம் அளவோட இருந்துச்சு. அளவு சொன்னா நான் ஏத்துக்குவேன். மனுஷன் சிரிக்கிறதையெல்லாம் பார்த்து அளவை மாத்த முடியாது. மலேசியாவை அடிச்சுட்டுத் தாய்லாந்தை எழுதினேன். ஆகமொத்தம், தேர்ந்தெடுத்தது நான்தான். இதுல யாரும் எனக்குச் சொல்லித்தரலை.

ஜூன் மாசம், ஞாயித்துக்கிழமை காலையில, ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வச்சேன். அட்டவணையை மூணு பிரதி எடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்தேன். ஒவ்வொரு நாடா ஏன் கழிச்சேன்னு விளக்கி, கடைசியில தாய்லாந்துன்னு அறிவிச்சேன். கை தட்டுவாங்கன்னு எதிர்பார்க்கலை. ஒரு சந்தோஷமாவது இருக்கணுமில்ல? சாரு அம்மாவைப் பார்க்குது. அம்மா சாருவைப் பார்க்குது.

அப்புறம் சாருதான் ஆரம்பிச்சா. அவ தோட்டக்கலை படிக்கப் போறாளாம். பெரியகுளத்துல. கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டாச்சாம், மார்க்குக்குக் கட்டாயம் இடம் கிடைச்சுருமாம். மாமரம், கொய்யாமரம்னு என்னமோ சொல்றா. ரெண்டு வருஷம் சார். பத்தொன்பது கட்டம். கையில அட்டவணையை வச்சுக்கிட்டு, அப்ப தாய்லாந்துக்கு யாரு போறதுன்னு கேட்டேன். கோபத்துல கேட்டதுதான். பதில் வரும்னு கேட்கலை.

தவமணி பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தா. கத்தியைக் கீழ வச்சா.

“தாய்லாந்துக்கு நான் போறேங்க”ன்னா.

நான் சிரிச்சுட்டேன். கூட யாரும் சிரிக்கலை. எழுந்து போனா. பீரோவைத் திறந்தா. ஒரு ஃபைலைக் கொண்டுவந்து அட்டவணைக்குப் பக்கத்துல வச்சா. நர்சிங் மேல்படிப்பு, ரெண்டு வருஷம், சியாங் மாய். இடம் கொடுத்தாச்சு, உதவித்தொகையும் கொடுத்தாச்சு. ஆகஸ்ட்டுல சேரணும். பரீட்சை மார்க் ஏழரைன்னு அதுலயும் போட்டிருக்கு. நான் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரிச்ச அதே ஏழரை.

நாற்பத்தேழு வயசு சார் அவளுக்கு. நான் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். இந்த வயசுல படிச்சு என்ன ஆகப்போகுது, ஊர் என்ன சொல்லும், நான் ஒருத்தன் இங்க என்ன பண்ணுவேன். கத்தித்தான் கேட்டேன், ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு. அவ குரலை உயர்த்தலை. அட்டவணையை எடுத்தா. ஒவ்வொரு கட்டத்துலயும் விரலை வச்சுக்கிட்டே வந்தா. காய்ச்சல்னா ஒரு நாள்ல நீங்க வந்துரலாம். நிலம் பெருசா ஆடாது. சோறு உண்டு. நேரம் ஒன்றரை மணிதான். அப்புறம் தாளை என் பக்கம் திருப்பி வச்சா.

“எல்லாம் நீங்க பார்த்துப் பார்த்து எழுதினதுதானே. இதுல எனக்குப் பொருந்தாதது எதுன்னு காட்டுங்க.”

தேடினேன். ராஸ்கல் அட்டவணை, ஒரு கட்டம்கூட எனக்கு உதவலை. படிக்கப்போறது யாருன்னு ஒரு கட்டம் போட்டிருக்கணும். போடலை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நிலத்துக்காரன் பேரை எழுதாம நான் ஒரு வரைபடம் போட்டதில்லை சார்.

ரெண்டு வாரம் நான் அவகூடப் பேசலை. அவ எப்பவும் போலச் சோறு போட்டா, நானும் சாப்பிட்டேன், ஆனா பேசலை. சாருகிட்டச் சொல்லி அம்மாவைத் திருத்தலாம்னு பார்த்தேன். அந்தக் கண்காட்சியிலயே அம்மாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது அவதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சரி, பெரியவங்க யாராவது சொன்னாக் கேட்பாள்னு வெட்கத்தை விட்டு சிங்கப்பூருக்கு சகலைக்கே போன் போட்டேன். அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, “பதினாறு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தானே சகலை இருந்துச்சு அந்தப் புள்ளை, உங்களுக்குத் தெரியாதா?”ன்னார். கேட்டாளாம். மூணு தடவை கேட்டாளாம். சாரு பால்குடிக்கிறப்ப ஒரு தடவை, வீடு கட்டறப்ப ஒரு தடவை, எங்கம்மா படுக்கையில விழுந்த வருஷம் ஒரு தடவை. கேட்டிருப்பா. நான் ஏதாவது அளவுப் புத்தகத்தைப் பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன். ம்னு சொல்லியிருப்பேன். நான் ம்னு சொன்னா என்ன அர்த்தம்னு எனக்கே தெரியாது.

அதுக்குள்ள ஒரு வேலை வந்துச்சு. அவ சான்றிதழ் எல்லாத்துக்கும் நகல் எடுத்து நோட்டரி வக்கீல்கிட்டக் கையெழுத்து வாங்கணும். கோர்ட் பக்கம் எனக்கு ஆள் பழக்கம். பேசாத கோபம் வேற, வேலை வேற. ஃபைலைக் கொடுன்னு வாங்கிக்கிட்டுப் போனேன். வக்கீல் வர நேரமாச்சு. வேப்பமரத்தடியில பெஞ்சுல உட்கார்ந்து ஃபைலைப் புரட்டினேன். உள்ள ஒரு நாலு பக்கம், அவளே எழுதினது. ஏன் படிக்க வர்றீங்கன்னு காலேஜ்ல கேட்பாங்களாம், அதுக்குப் பதில். இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் ஆபீஸ் கடிதம் அளவுக்கு வரும். மெதுவாத்தான் படிச்சேன்.

எங்கம்மாவைப் பத்தி எழுதியிருந்தா. நாலு வருஷம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிரும். பதினெட்டு வருஷமா எத்தனையோ புள்ளைங்களுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன், ஆனா திருப்பிப் படுக்க வைக்கிறவ எப்பத் தூங்கணும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லை, நானும் சொல்லிக் கொடுக்கலைன்னு எழுதியிருந்தா. நம்ம ஊர்ல வீட்டோட வச்சு நோயாளியைப் பார்க்கிற பொம்பளைங்களைப் பத்திப் படிக்கணுமாம். அவங்களுக்கு என்ன ஆகுதுன்னு.

நான் அந்த வீட்டுலதான் சார் இருந்தேன். அதே நாலு வருஷம். நல்லாத் தூங்கினேன்.

கடைசிப் பக்கத்துல என்னைப் பத்தி ஒரு வரி இருந்துச்சு. ‘நில அளவையாளரான என் கணவர்தான் இந்த முயற்சிக்கு முதலில் துணை நின்றவர்’னு. ஒரே வரி. அதுக்குக் கீழ கையெழுத்து, தேதி. பிப்ரவரி பதினொண்ணு. நான் தேதி பார்க்காம எந்தத் தாளையும் மூட மாட்டேன். பிப்ரவரி. எனக்கு அவ சொன்னது ஜூன். நான் கத்தினது ஜூன்.

வக்கீல் வந்தார். கையெழுத்து வாங்கினேன். வீட்டுக்கு வர்ற வழியில ஒரு பெட்டி வாங்கினேன். அளந்துதான் வாங்கினேன், விமானத்துல எந்த அளவு விடுவாங்கன்னு கேட்டுக்கிட்டு. கொண்டுவந்து கூடத்துல வச்சு, சக்கரம் நாலும் நல்லா ஓடுதுன்னு சொன்னேன். ரெண்டு வாரத்துக்கு அப்புறம் பேசின முதல் பேச்சு அதுதான். அவ பெட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பூட்டு எப்படின்னு கேட்டா. காட்டினேன்.

இந்த ஆகஸ்ட்டு வந்தா ரெண்டு வருஷம். நான் தனியா நல்லாத்தான் இருக்கேன். யாரும் பாவப்பட வேண்டியதில்லை. ரசம் வைப்பேன். மிக்ஸி மூடி ஒரு தடவை கூரைக்குப் போயிருச்சு, மத்தபடி ஒண்ணும் இல்லை. ஆபீஸ்ல ஆரம்பத்துல கொஞ்சம் பேச்சு இருந்துச்சு. உன் வீட்டம்மா எங்கய்யான்னு கேட்பானுங்க. தாய்லாந்துல மேல்படிப்பு, நாடு நான்தான் பார்த்துக் கொடுத்தேன்னு சொல்லுவேன். இப்ப ரெண்டு பேர் அவனுங்க புள்ளைங்களுக்கு என்கிட்டத்தான் அட்டவணை கேட்கிறானுங்க.

போன லீவுல வந்திருந்தா. அவ ஆராய்ச்சிக்கு நாற்பது வீடு போகணும். சின்னாளபட்டி, ஆத்தூர், அந்தப் பக்கமெல்லாம். வண்டியில நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். எந்த வீட்டுக்கு அப்புறம் எந்த வீடுன்னு வரைபடம் போட்டுக் கொடுத்தேன், அதனால பதினோரு நாள்ல முடிஞ்சுது. அவ உள்ள போய்ப் பேசுவா, நான் வாசல்ல நிப்பேன். பேசறது வெளியில கேட்கும். ஒரு வீட்டுல அந்தம்மா சொல்லுது, மாமியாரை ஆறு வருஷமாப் பார்க்குதாம். வீட்டுக்காரர் உதவியா இருப்பாரான்னு இவ கேட்டா. ஓ, நல்ல மனுஷன், தெனமும் ஆபீஸ் விட்டு வந்ததும் அம்மா சாப்பிட்டாங்களான்னு கேட்பாருன்னு சொல்லுது.

நானும் அப்படித்தான் கேட்பேன் சார். ஒருநாள் தவறினதில்லை.

அன்னிக்குத் திரும்பி வரும்போது வழியில நிறுத்தி இளநி வாங்கிக் கொடுத்தேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலை.

வையம்பட்டி போயிருச்சு பாருங்க, உங்க ஊர் வந்துருச்சு. இப்ப நான் சியாங் மாய்க்குத்தான் போறேன். திருச்சியில விமானம் ஏறி, கோலாலம்பூர்ல மாறி, ராத்திரிக்குள்ள போயிருவேன். வியாழக்கிழமை அவ பெரிய பெரிய வாத்தியாருங்க முன்னாடி நின்னு ஆராய்ச்சியைச் சொல்லணும். குடும்பத்துல ஒருத்தர் வரலாமாம். வாங்கன்னு கூப்பிட்டா. அவளுக்குப் பாடம் சொல்ற அந்த ஊர் அம்மா, என்னைப் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்களாம். முதல்ல துணை நின்ன புருஷன் யாருன்னு. விசாவுக்குப் படிவம் நிரப்பறப்ப ஒரு கட்டம், அங்க இருக்கறவருக்கு நீங்க என்ன உறவுன்னு. அட்டவணை போட்ட ரெண்டு வருஷமும் அப்பான்னு எழுதத்தான் தயாரா இருந்தேன். கணவர்னு எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணிப்போச்சு.

அந்தம்மா கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு வர்றேன். நீங்க ஏறாம இருந்திருந்தா வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்திருப்பேன். அந்த வரி பொய்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. சாருகிட்டகூட. உங்ககிட்டச் சொல்லலாம், நீங்க மணப்பாறையில இறங்கிப் போயிருவீங்க.

அவகிட்டயும் நான் கேட்கலை. ‘ஏம்மா அப்படி எழுதின’ன்னு கேட்கணும்னு பல தடவை வாய் வரைக்கும் வந்துருக்கு. தெரிஞ்சுதான் எழுதினாளா, காலேஜுக்காக எழுதினாளா, இல்லை நான் அப்படி ஆயிருவேன்னு நினைச்சு எழுதினாளா. கேட்டா அவ அந்த வரியை எடுத்துப் பார்ப்பா சார். தப்புன்னு தெரிஞ்சா அவ எதையும் அப்படியே விட மாட்டா, திருத்திருவா. அதான் கேட்கலை.

இந்தாங்க உங்க புத்தகம். பார்த்து இறங்குங்க.